எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவே ஒரு ரீங்காரம்

மாமியாரைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு எந்தத் திருடனாவது காரைத் திருடிக்கொண்டு போவானா? எதிர்வீட்டு டைலரிடம் இதைத்தான் கேட்டேன். வாயில் நாலைந்து குண்டூசியைக் கடித்துக்கொண்டிருந்தார், அதைச் சாக்காக வைத்துப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டார். அவருக்காக மாடிவீட்டுக்காரிதான் வாயைத் திறந்தாள்.

"எங்களுக்கு என்னம்மா தெரியும்? எல்லாரும் சொல்றாங்க. யாரோ ஒரு அம்மாவோட காரை எடுத்துக்கிட்டு உங்க மாப்பிள்ளை நாள் பூரா சுத்தினாராம். அதான் பட்டறையில நிறுத்திட்டாங்களாம். இப்ப கட்டின பொண்டாட்டியையும் விட்டுட்டுக் கிளம்பிட்டாராம்."

"நாள் பூரா இல்லை. காலையில பதினொரு மணிக்கு எடுத்தோம், சாயங்காலம் நாலரைக்குக் கொண்டுபோய் விட்டாச்சு. நானும் கூட இருந்தேன்."

"நீங்க எதுக்கும்மா கூட?"

"காது கொடுக்க."

"கேட்டீங்களா டைலரண்ணே! அம்மா காது கொடுக்கப் போனாங்களாம். திருப்பி வாங்கிட்டு வந்தீங்களா இல்லையா?"

சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் மாப்பிள்ளையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் குறுக்கே விழுவேன் என்று இந்தத் தெருவுக்குத் தெரியும். பெற்ற மகளை விட்டுவிட்டு மருமகனுக்குப் பரிந்து பேசுகிறாள் பார் என்கிறார்கள். இரண்டு பேருக்காகவும்தான் பேசுகிறேன். நடந்தது நடந்தபடி சொன்னால் அது விளங்கும்.

மாப்பிள்ளைக்குச் சைலன்சர் வேலை. எஞ்சினிலிருந்து வரும் புகையும் சத்தமும் ஒரு குழாய் வழியாக வண்டியின் வயிற்றுக்கடியில் போகும். நடுவில் ஒரு டப்பா. அந்த டப்பாவுக்குள் தகடும் ஓட்டையுமாக இருக்கும். சத்தம் அதற்குள் முட்டி மோதி இளைத்துப்போய் வெளியே வரும். புது வண்டிக்குக் கடையில் கிடைப்பதை வாங்கி மாட்டிவிடலாம். பழைய காலத்து வண்டிக்கு அப்படிக் கிடைக்காது. எந்த டப்பா, எவ்வளவு தடிமன் குழாய், எங்கே வளைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் யோசித்து, வெட்டி, பற்றவைக்க வேண்டும். அந்த யோசனைக்குத்தான் அவரைத் தேடி வருவார்கள்.

ஆனால் மனுஷனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. சாப்பிடும்போதே தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பார். "உட்காருங்க மாப்பிள்ளை, இங்க யாரும் பந்தயம் வைக்கலை" என்பேன். உட்காருவார். உட்கார்ந்த இடத்தில் தட்டின் விளிம்பை நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பார். தெருவில் ஒரு வண்டி போனால் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் நிறுத்திவிடுவார், அது போய் மறைகிறவரைக்கும்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான்கு பட்டறை. முதல் பட்டறையில், உள்ளே தகடே இல்லாத வெறும் டப்பாவை மாட்டி அனுப்பச் சொன்னார்கள், விட்டுவிட்டார். இரண்டாவதில், பக்கத்துச் சுவரை ஒட்டி டிங்கர் பட்டறை வந்தது. இரவு பகலாகத் தகரம் தட்டினால் இவர் எதைக் கேட்பது? விட்டுவிட்டார். மூன்றாவதை ஏன் விட்டார் என்று என்னிடம் இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஊர் மாறினார்கள், வீடு மாறினார்கள், அடுப்பும் பாயும் வண்டி ஏறி இறங்கின. கடைசியில் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள்.

என் மகள் வேறு ரகம். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊர் மாறினாலும் அதே வேலை, அதே நேரம், அதே நிதானம். நடுங்கும் கையைப் பிடித்து ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பாள். என் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, பெட்டியைக்கூடத் திறக்காமல், அவரை நிற்க வைத்துச் சொன்னாள்.

"ஒரு வருஷம். ஒரே பட்டறை. வேற ஒண்ணும் நான் கேக்கலை. அதுக்குள்ள விட்டீங்கன்னா, அப்புறம் நீங்க என்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

அவர் தலையாட்டினார். வாயால் சொல்லியிருந்தால் எனக்கு நம்பிக்கை வந்திருக்காது. தலையாட்டியதில் ஒரு பயம் இருந்தது, அதனால் நம்பினேன்.

பட்டறை வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மதியச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோவேன். பத்து மாதம் தாண்டிவிட்டது. என் மகள் அடுப்படி நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். அவர் தட்டோடு நடப்பதுகூடக் குறைந்ததுபோல எனக்குத் தோன்றியது. அப்போதுதான் பல் டாக்டரம்மாவின் கார் வந்தது.

வெளிர்பச்சைக் கார். அந்தம்மாவைவிட அதற்கு வயது அதிகம். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள், எங்கப்பா ஓட்டியது, எங்கள் தாத்தா கல்யாணத்தில் வந்தது என்று ஒரு கதையை எடுத்துவிடுவார்கள். இந்தம்மா அப்படியில்லை. "கலர் பிடிச்சிருந்தது, வாங்கிட்டேன்" என்றாள். அடியில் குழாய் துருப்பிடித்து அரித்து, டப்பா கந்தல் துணி மாதிரி தொங்கியது.

"என்ன மாதிரி சத்தம் வேணும்மா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. நாள் முழுக்கப் பல்லு துளைக்கிற சத்தத்தைக் கேக்கறேன். அது மாதிரி இல்லாம இருந்தா போதும்."

பட்டறை முதலாளி குறுக்கே வந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் வண்டி என்றால் நாலு பேர் பார்க்க வேண்டும் அவருக்கு. மேசைமேல் இரண்டு டப்பா இருந்தது. ஒன்று உருண்டையாக, பளபளவென்று, உள்ளே குழாய் நேராக ஓடுகிறது. இன்னொன்று தட்டையான முட்டை வடிவம், உள்ளே அறை அறையாகத் தடுப்பு.

"உருண்டையைப் போடு. மூணு விரல் தடிமன்ல குழாய் விடு. வண்டி போனா தெருவே திரும்பிப் பார்க்கணும்."

"தெரு திரும்பிப் பார்த்து என்னங்க பண்ணப் போகுது? சின்ன எஞ்சின். குழாயை அகலமாக்கினா புகை தூங்கிக்கிட்டே போகும், வண்டிக்கு இழுவை செத்துடும். ரெண்டு விரல் போதும். தட்டை டப்பா."

"உனக்கும் ஒரு ஆசையே கிடையாதாய்யா?"

"இருக்கு. அந்தம்மா மறுபடியும் திட்டிக்கிட்டு வரக் கூடாது."

தட்டை டப்பாவே போட்டார். மாட்டி முடித்து அவர் சத்தம் பார்ப்பதை நான் சாப்பாட்டுப் பையோடு நின்று பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இன்னொரு ஃபிட்டர் பானெட்டைத் திறந்து, எஞ்சினில் உள்ள கம்பியைக் கையாலேயே இழுத்து வேகத்தைக் கூட்டுவார். இவர் விரலை உயர்த்தினால் கூட்ட வேண்டும், தாழ்த்தினால் குறைக்க வேண்டும். அந்தப் பட்டறையில் மட்டுமல்ல, எல்லாப் பட்டறையிலும் இப்படித்தான். வாடிக்கையாளரின் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். உடம்பெல்லாம் கிரீஸ், சீட்டில் ஒட்டினால் யார் பதில் சொல்வது? வண்டியைப் பட்டறைக்குள் விடுவதும் வெளியே எடுப்பதும்கூடக் கையால் தள்ளித்தான்.

சத்தம் கும்மென்று, அடக்கமாக வந்தது. எனக்கே பிடித்திருந்தது. முதலாளிகூட ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் நல்ல மழை. பட்டறை வாசலில் ஒதுங்கி நின்ற மாப்பிள்ளையைப் பார்த்து அந்தம்மா வண்டியை நிறுத்தியிருக்கிறாள். "வாங்க, வீட்ல விட்டுடறேன்." வேண்டாம் என்றிருக்கிறார். விடவில்லை. ஒரு பழைய நாளிதழை விரித்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து வந்திருக்கிறார். பாலத்தில் தண்ணீர் என்று வெளிவட்டச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தான் சைலன்சர் மாட்டிய ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து போனது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குள் வந்தவர் தலையைக்கூடத் துவட்டவில்லை. ஈரத்தோடு நடக்க ஆரம்பித்தார். அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுப்படி. தரையெல்லாம் தண்ணீர்த் தடம்.

"உள்ளே ஒரு வண்டு இருக்கு அத்தை."

"எங்க, காதுலயா?"

"வண்டியில. எழுபதைத் தொட்டதும் ம்ம்ம்னு ஆரம்பிக்குது. மண்டைக்குள்ள புகுந்து உட்கார்ந்துக்குது. எண்பது தாண்டினா நின்னுடுது. வெளியே நின்னு கேட்டா அது கேக்கவே கேக்காது. குழாய் முனகுறதுக்கு ஏத்த மாதிரி வண்டியோட கூடும் சேர்ந்து முனகுது, அது உள்ள உட்கார்ந்திருக்கிறவனுக்கு மட்டும்தான்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"பழைய வண்டின்னா இப்படித்தானேன்னு சொல்றாங்க. காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு ஓட்டுறாங்க அத்தை. பஞ்சு!"

என் மகள் துண்டை எடுத்து வந்து அவர் தோளில் போட்டாள். "அவங்களே ஒண்ணும் சொல்லலை. நீங்க ஏன் இழுத்துப் போட்டுக்கறீங்க? இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு" என்றாள். அவர் துண்டை அப்படியே தோளில் வைத்துக்கொண்டு நின்றார். வாய்க்குள் ஏதோ சொன்னார். "இத்தனை வருஷமா மாட்டினதெல்லாம்?" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

மறுநாள் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார், வண்டியைத் திரும்ப வரவழைத்துச் சரி பண்ண வேண்டும் என்று. முதலாளியும் யோசிக்காமல் பேசவில்லை.

"குறை சொல்லாத ஆள்கிட்ட நீயாப் போய்க் குறை சொல்லுவியா? இன்னைக்கு இந்த வண்டின்னா நாளைக்கு எல்லா வண்டியும் திரும்பி வந்து வாசல்ல நிக்கும். பட்டறை தாங்காது. அந்த வண்டியைத் தொடாதே. தொட்டா அன்னைக்கே வெளியே போயிடு."

அவரும் தொடாமல்தான் இருந்தார். ஒரு வாரம் இருந்தார். எப்படி இருந்தார் என்று என்னைக் கேளுங்கள். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சில் பாதி வார்த்தை வரவில்லை. நாட்காட்டியில் கோடு போடும்போது என் மகள் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போன பிறகு வாசலில் வெளிர்பச்சைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது மாப்பிள்ளை. டாக்டரம்மாவிடமே போய்ச் சொல்லிச் சாவியை வாங்கி வந்திருந்தார்.

"அத்தை, வாங்க. பின்சீட்டுல ஒரு காது வேணும். அடியில டப்பா இருக்கிறது பின்சீட்டுக்குக் கீழே. ஓட்டுறவனுக்குச் சரியாத் தெரியாது."

"அந்தம்மாவையே உட்காரச் சொல்றதுதானே?"

"அவங்களுக்குப் பழகிடுச்சு. நீங்க மில்லுல இருந்தவங்க."

அது உண்மை. நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் நான். நூறு மெஷின் ஓடும் இரைச்சலில் எது முனகுகிறது, எது நிற்கப் போகிறது என்று திரும்பிப் பார்க்காமல் சொல்வேன். ஆனாலும் கேட்டேன்.

"இன்னும் எத்தனை நாள் மாப்பிள்ளை?"

"ஏழு."

"தெரிஞ்சுதான் பண்றீங்களா?"

"தெரிஞ்சுதான்."

செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினேன். தெரிந்தே ஏறினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். டைலர் அப்போது தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

கிடங்குகளைத் தாண்டி நீளமாக, நேராக ஒரு சாலை உண்டு. பின்சீட்டில் இருந்த எனக்கு வேகம் காட்டும் முள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வண்டு சத்தம் தொடங்கினால் அவர் தோளில் தட்ட வேண்டும், நின்றால் கையை எடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். கண்ணை மூடிக்கொண்டேன். வந்தது பாருங்கள்! காதில் கேட்கிற சத்தமாக இல்லை, பல்லில் கேட்கிற சத்தம். தட்டினேன். எழுபத்திரண்டு என்றார். கையை எடுத்தேன். எண்பது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும். ஒரு சாவி அவரிடம் இருந்தது. நான் ஒரு டயரின்மேல் உட்கார்ந்துகொண்டேன். குழாயைத் தாங்கிய இரும்புப் பட்டைகளை அறுத்துவிட்டு ரப்பர் மாட்டினார். மறுபடி சாலை. வண்டு அங்கேயே இருந்தது, கொஞ்சம் இளைத்திருந்தது. திரும்பி வந்து குழாயின் நடுவில் ஒரு குட்டி டப்பாவைச் செருகிப் பற்றவைத்தார். மறுபடி சாலை. இந்தத் தடவை அறுபதிலேயே தட்டினேன்.

"சாகலை அத்தை. வீடு மாத்திக்கிட்டுப் போயிருக்கு."

"உங்களை மாதிரியே" என்றேன். சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

மூன்றாவது முறை வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் கிடந்தார். பிறகுதான், குழாயின் வாய் வண்டியின் கூட்டுக்கு உள்ளேயே முடிகிறது என்றார். பின்பம்பரைத் தாண்டாமல் அது அடியிலேயே ஊதிக்கொண்டிருந்தது. ஒரு சாண் நீளம் கூட்டி வாயை வெளியே கொண்டுவந்தார். டப்பா தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை, குழாயை நிறுத்திய இடத்தில்தான் தப்பு.

மறுபடி சாலை. கண்ணை மூடினேன். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

"அத்தை! அத்தை! ஒரு தட்டுகூடத் தட்டலையே, போயிடுச்சா?"

கண்ணைத் திறந்தால் வண்டி ஓரமாக நிற்கிறது. மனுஷன் திரும்பி உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தூங்கிட்டேன் மாப்பிள்ளை."

நெற்றியில் அடித்துக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். இந்தத் தடவை கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டேன். என் கை மடியிலேயே கிடந்தது. "தொண்ணூறு தொட்டுட்டோம் அத்தை" என்றார். அவ்வளவு வேகம் எதற்கு, மெதுவாகப் போங்கள் என்றேன்.

திங்கட்கிழமை டைலர் பட்டறைக்கு சீட் உறை தைத்துக் கொடுக்கப் போனார். "நேத்து உங்க ஆளு பச்சை வண்டியில மாமியாரைச் சவாரி கூட்டிட்டுப் போனாரே, பார்த்தீங்களா?" என்று முதலாளியிடம் விளையாட்டாகத்தான் கேட்டாராம். நான் கூட இருந்தது அவருக்குத் தெரியும், அன்றைக்குப் பார்த்தவரே அவர்தான். நான் கேட்டபோது வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதனால்தான். பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு ஆறு நாள் பாக்கி.

சாயங்காலம் என் மகள் வந்தாள். தோள்பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆறு நாள். எப்படிங்க முடியுது உங்களால?"

அவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார்.

"சரி, நாளைக்கு எங்க வேலை தேடப் போறீங்க?"

"தேடலை. பழைய வண்டி மட்டும் பதினேழு மாட்டியிருக்கேன், நாலு ஊர்ல. எல்லாத்தையும் பின்னாடி நின்னு கேட்டுத்தான் அனுப்பியிருக்கேன். ஒவ்வொண்ணுலயும் உட்கார்ந்து பார்க்கணும்."

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"இல்லை."

"குறை சொன்னாங்களா?"

"சொல்லலை. அவங்களும் பஞ்சு வெச்சுக்கிட்டு ஓட்டுறாங்களோ என்னவோ."

"நாம குடித்தனம் பண்ண ஆரம்பிச்சதுல இருந்து நீங்க ஒவ்வொரு இடமா விட்டுட்டு வந்தீங்க. இப்ப அதையெல்லாம் திரும்பிப் போய்ப் பார்க்கப் போறீங்களா? போங்க. போனா இந்தக் கதவு திறந்திருக்கும்னு நினைக்காதீங்க."

"அது என் வீட்டுக் கதவு" என்றேன் நான். "உங்க சண்டைக்குள்ள அதை இழுக்காதே."

"நீ சும்மா இரும்மா. நீதானே பின்சீட்டுல ஏறி உட்கார்ந்த!"

ஏறி உட்கார்ந்தது நான்தான்.

ஒன்பது நாள் இந்த வீட்டில் இரண்டு பேரும் பேசவில்லை. அவர் நடந்தார். தாளில் பெயர் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். யார் யாருக்கோ போன் பண்ணினார். பாதிப் பேர் வண்டியை விற்றுவிட்டிருந்தார்கள், வாங்கியவரைத் தேடினார். என் மகள் நாட்காட்டியை ஆணியிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். எட்டாம் நாள் டாக்டரம்மா அவளிடமே ரத்தம் கொடுக்க வந்திருக்கிறாள், யார் என்று தெரியாமல். கையைப் பிடித்தபோது பேச்சு வாக்கில், "இப்பல்லாம் எங்கக்கா என்கூட வண்டியில வர்றா, முன்னாடி தலைவலின்னு வரவே மாட்டா" என்று சொல்லியிருக்கிறாள். இதை என் மகள் அவரிடம் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள், சொல்லிவிட்டு அவரிடம் சொல்லக் கூடாது என்றாள்.

பத்தாம் நாள் காலை. அவர் ஸ்பேனர் பையைக் கட்டிவிட்டார். ஒரு தகர டப்பா நிறைய ரப்பர், வெல்டிங் கண்ணாடி, இரண்டு செட் துணி. என் மகள் வேலைக்குப் புறப்பட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் போன் பண்ணணும். முடிஞ்சுதுன்னு மட்டும் சொன்னா போதும், கதை வேண்டாம்."

"சரி."

"நடுவுல புதுசா ஒரு பட்டறை, புதுசா ஒரு வண்டின்னு எங்கயாவது ஒட்டிக்கிட்டீங்கன்னா, அப்புறம் நீங்க யாரோ நான் யாரோ."

"சரி."

"பின்சீட்டுல யாரை உட்கார வைப்பீங்க?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது. "வண்டிக்காரங்க வீட்ல யாராவது..."

"அவங்களுக்குப் பழகியிருக்கும்."

"ஆமா."

அவள் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினாள். வெகுநேரம் சுருட்டினாள்.

"லீவு நாளா இருந்து, பக்கத்து ஊரா இருந்தா சொல்லுங்க. பார்க்கலாம். வர்றேன்னு சொல்லலை."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கதை வேண்டாம்னு சொன்னேன்ல" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் அவளே வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். எட்டே முக்காலுக்குப் போகிறவள், அன்றைக்கு எட்டரைக்கே.

அவர் தகர டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தாளைச் சட்டைப்பையில் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். என்னிடம் தலையசைத்தார். மனைவி தெருமுனை திரும்புகிறவரை நிலைப்படியில் நின்றுவிட்டு, அவரும் இறங்கி நடந்தார்.